இன்றும் விளையாடத் தகுந்த பழைய வீடியோ கேம்கள்: கேள்வி பதில்

கேள்வி: பழைய கன்சோல்களில் (வீடியோ கேம் விளையாடும் இயந்திரங்களில்) எது இன்றும் சலிக்காமல் விளையாடத் தகுந்தது? ஒன்றை மட்டும் சொல்லுங்கள்.

ஒன்றே ஒன்று என்றால், 1990இல் ஜப்பானில் சூப்பர் ஃபேமிகாம் என்ற பெயரில் வெளிவந்த சூப்பர் நின்டெண்டோவையே சொல்வேன். படத்தின் அழகு இதற்குக் காரணமன்று. இருபரிமாண விளையாட்டை எப்படி அமைப்பது என்னும் கலை அதற்குள் முதிர்ந்துவிட்டிருந்தது. தாவலின் உயரம் எவ்வளவு, எதிரி எங்கே நிற்க வேண்டும் என்பதையெல்லாம் 1985இன் ‘சூப்பர் மேரியோ பிரதர்ஸ்’ முதலே வடிவமைப்பாளர்கள் செய்து பார்த்துத் தேறியிருந்தார்கள்.

‘சூப்பர் மெட்ராய்டு’ (1994) விளையாட்டில் ஓரிடத்தில் நீங்கள் ஆழமான குழியின் அடியில் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே மூன்று சிறு பிராணிகள் இருபக்கச் சுவர்களிலும் மாறி மாறி உதைத்து மேலே ஏறிக்கொண்டிருக்கும். திரையில் ஒரு சொல்கூட வராது. அவற்றைப் பார்த்து, நாலைந்து முறை விழுந்து, சுவரை உதைத்துத் தாவ நீங்களே கற்றுக்கொண்டு வெளியேறுவீர்கள். புதிதாக வரும் பல விளையாட்டுகள் இதைச் சொல்ல ஒரு பக்க விளக்கத்தைத் திரையில் காட்டி, பொத்தானை அழுத்தச் சொல்கின்றன.

கேள்வி: அப்படியானால் அடுத்து வந்த பிளேஸ்டேஷனும் நின்டெண்டோ 64உம் பழசாகத் தெரிவது ஏன்? முப்பரிமாணப் படங்கள் கரடுமுரடாக இருப்பதாலா?

படங்கள் கரடுமுரடுதான். 1994இல் வந்த பிளேஸ்டேஷனின் வரைகலைப் பகுதி, உருவங்களின் முனைகளைப் பின்னமில்லாத முழு எண் இடங்களில்தான் வைத்தது. சுவரில் ஒட்டும் படத்தைத் தொலைவுக்கேற்பச் சரிசெய்யவும் அதற்குத் தெரியாது. அதனால் நடக்க நடக்கச் சுவர் நடுங்கும், தரை நெளியும். நின்டெண்டோ 64இல் அப்படங்களுக்கான உள்நினைவகம் வெறும் 4 கிலோபைட் என்பதால், சிறிய படங்களை இழுத்து விரித்தார்கள்; எல்லாம் மங்கலாயின.

ஆனால் கண் அரை மணி நேரத்தில் இவற்றுக்குப் பழகிவிடும். பழகாதது கேமராவின், அதாவது விளையாட்டின் உலகை நமக்குக் காட்டும் பார்வையின், கோணம். ‘சூப்பர் மேரியோ 64’ (1996) விளையாட்டில் மேரியோவை ஓட விடுவது இன்றும் ஆனந்தமே. ஆனால் கேமராவோ ஒவ்வொரு படியாகத்தான் திரும்பும், சுவருக்கு அருகே சென்றால் நகரவே மறுக்கும். கையில் பிடிக்கும் கன்ட்ரோலரில் விரலால் சாய்த்து இயக்கும் குச்சி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கேமராவுக்கென்று இரண்டாவது குச்சியை ஒதுக்கும் வழக்கம் அன்று இன்னும் வேரூன்றவில்லை. ‘செல்டா: ஒக்கரினா ஆஃப் டைம்’ (1998) ஒரு பொத்தானை அழுத்தியதும் எதிரியின் மீதே பார்வையைப் பூட்டிவைத்து இச்சிக்கலைத் தாண்டியது. அதன் சண்டைகள் இன்றும் தடுமாறாமல் நடப்பது அதனால்தான்.

கேள்வி: ‘ரெசிடென்ட் ஈவில்’ (1996) பாத்திரம் பீரங்கி வண்டியைப் போலத் திரும்புகிறதே, அது குறையில்லையா?

குறையென்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த விளையாட்டில் கேமரா இடத்துக்கு இடம் நிலையாகப் பொருத்தப்பட்டுள்ளது. அடுத்த மூலைக்குப் போனதும் காட்சியின் கோணம் சட்டென்று மாறும். ‘மேல்’ பொத்தான் எப்போதும் பாத்திரத்தின் முன்பக்கத்தையே குறிப்பதால்தான், கோணம் மாறினாலும் ஓட்டம் தடம் மாறுவதில்லை. ஆயினும் முதல் பத்து நிமிடங்களில் பலர் வெறுத்து விலகுவார்கள் என்பதும் உண்மையே.

கேள்வி: சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் கன்சோலில் வந்த ‘சோனிக்’ விளையாட்டைப் புதிய தொலைக்காட்சியில் போட்டால் அருவியில் கோடு கோடாகத் தெரிகிறது. பழுதா?

பழுதில்லை. அந்த இயந்திரத்தில் அருவியை ஒளி ஊடுருவுவதாக வரைய எளிய வழியில்லாததால், ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை செங்குத்துக் கோடுகளாக வரைந்தார்கள். பழைய குழாய்த் தொலைக்காட்சியும் அதன் கம்பியும் கோடுகளைக் கலங்கடித்து, நீர் போலவே காட்டின. இன்றைய திரையோ உள்ளதை உள்ளபடி காட்டிக் கொடுத்துவிடுகிறது. புதிய இயந்திரங்களுக்காகப் பழைய விளையாட்டுகளை மீண்டும் வெளியிடும் மறுவெளியீடுகள் பலவற்றில் பழைய திரையைப் போலக் காட்டும் அமைப்பு உண்டு; அதைப் போட்டுப் பார்த்த பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

கேள்வி: ‘ஃபைனல் ஃபேண்டஸி’ தொடரில் ஆறாவதா, ஏழாவதா?

ஆறாவது (1994). ஏழாவதன் (1997) கதைக்கும் இசைக்கும் நானும் அடிமைதான். ஆனால் அழகாகத் தீட்டிய பின்னணியின் மேல் கட்டைக் கைகளோடு நடக்கும் அந்த உருவங்கள், சோகக் காட்சியில்கூடச் சிரிப்பை வரவழைக்கின்றன.

கேள்வி: கையடக்கக் கன்சோலான கேம் பாயில் எது?

விழும் கட்டங்களை அடுக்கும் ‘டெட்ரிஸ்’. பின்னொளியில்லாத அந்தத் திரையிலும் அது முழுமையானது.

கேள்வி: அசல் இயந்திரம் வாங்கலாமா, மறுவெளியீடு போதுமா?

விளையாடுவது மட்டுமே நோக்கமென்றால் மறுவெளியீடே போதும். வட்டு இயந்திரங்களில் லேசர் தேயும். விளையாட்டு அடங்கிய பழைய செருகுபெட்டிகளான கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றிலோ, விளையாடி முடித்த இடத்தைக் குறித்துவைக்கும் சேமிப்பைக் காப்பது ஒரு சிறு நாணய வடிவ மின்கலம். என்னுடைய ‘செல்டா’ கார்ட்ரிட்ஜ் ஒன்றில் அது தீர்ந்து, முக்கால்வாசி முடித்திருந்த பயணம் ஒரே இரவில் காணாமல் போனது. புதிய மின்கலத்தைப் பொருத்தப் பழையதைக் கழற்றினால் இருக்கும் சேமிப்பும் அழியும்; ஆகவே கார்ட்ரிட்ஜைப் படிக்கும் கருவியால் சேமிப்பை முதலில் கணினிக்கு நகலெடுத்து வைத்த பிறகே திருகாணியில் கை வையுங்கள்.