காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங்கை எப்படித் தேர்ந்தெடுப்பது?

லோயரிங் ஸ்பிரிங் என்பது கம்பெனி ஸ்பிரிங்கைவிடக் குட்டையான, விறைப்பான சுருள். வேகமான ஹேட்ச்பேக்கைத் தரையோடு நெருக்கினால் எடை மையம் இறங்கும், வளைவில் சாய்வு குறையும். குட்டை சரி, விறைப்பு எதற்கு? கயிற்றுக் கட்டிலின் காலை வெட்டிவிட்டுக் கயிற்றைத் தொய்வாகவே விட்டால், உட்கார்ந்ததும் தரையில் இடிக்கும். அதே கதைதான்: சக்கரம் மேலே ஏற இடம் குறைவு, அதனால் சுருள் இறுக்கமாக இருக்க வேண்டும்.

திருநெல்வேலிப் பக்கம் நான் 25 மி.மீ. இறக்கத்தோடு நிறுத்திக்கொள்வேன். நாலு பேரை ஏற்றிக்கொண்டு பாளையங்கோட்டை வேகத்தடையில் ஏறினால் அடியில் 'சர்ர்' என்று கேட்குமே, அந்தச் சத்தம் தாங்காது. ஷாக் அப்சார்பர் பழசென்றால் அதையும் மாற்றுங்கள், அப்புறம் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது, அதையும் பார்த்துவிடுங்கள்.

இருக்கிற ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்தால் போதும் என்பார்கள். அறுத்த முனை சரியாக உட்காராது, பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் விலகியும் போகலாம்.