முடிவதும் நிறைவதும்

வணக்கம் ஐயா. மத்தியானம் அலுவலகத்தில் 'ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் ஈட்டிங்' என்றேன். உடன் வேலை பார்ப்பவர் 'ஃபினிஷ்ட் ஈட்டிங்' என்று திருத்தினார். படிவங்களில் மட்டும் 'கம்ப்ளீட் திஸ் ஃபார்ம்' என்று போடுகிறார்களே? என் அகராதியில் இரண்டுக்கும் 'முடி' என்றுதான் இருக்கிறது. 'முழு' என்று பொருள்படும் 'ஹோல்', 'என்டயர்' வேறு குழப்புகின்றன. எதை எங்கே எழுதுவது?

— வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

திருத்தியவர் சொன்னது சரி. 'ஃபினிஷ்' என்பதற்குப் பின் 'ஈட்டிங்', 'ரீடிங்' எல்லாம் வரும். 'கம்ப்ளீட்' அவற்றைச் சேர்த்துக்கொள்ளாது. ஆனால் இதை வெறும் விதியாக மனப்பாடம் செய்யாதீர்கள், நிற்காது.

'ஃபினிஷ்' லத்தீனில் எல்லையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 'கம்ப்ளீட்' வந்தது நிரப்புவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து. நம் அரசுப் படிவங்களில் 'பூர்த்தி செய்க' என்று இருக்குமே, பூர்த்தி என்றாலும் நிரப்புவதுதான். காலிக் கட்டங்களை நிரப்புகிறோம், அதனால் அங்கே 'கம்ப்ளீட்'.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சோறு, சாம்பார், கூட்டு, பொரியல், அப்பளம், பாயசம் எல்லாம் இலைக்கு வந்துவிட்டால் சாப்பாடு 'கம்ப்ளீட்'. நீங்கள் இன்னும் கையே வைக்கவில்லை! மோர் சோறும் சாப்பிட்டு இலையை மூடும்போதுதான் 'ஃபினிஷ்ட்'. அதேபோல, கடைசி செமஸ்டர் எழுதியாயிற்று, ஒரு அரியர் நிற்கிறது என்றால் காலேஜ் முடிந்துவிட்டது, டிகிரி 'கம்ப்ளீட்' ஆகவில்லை.

'ஹோல்' வேறு வழியில் வந்தது. பழைய ஆங்கிலத்தில் அது நலமாக, ஊனமில்லாமல் இருப்பதைச் சொன்ன சொல்; 'ஹெல்த்', 'ஹீல்' இரண்டும் அதற்குச் சொந்தம். மளிகைக் கடையில் முழு உளுந்து பாக்கெட்டைப் பாருங்கள், 'ஹோல்' என்று அச்சிட்டிருப்பார்கள். கால் கிலோ வாங்கினாலும் அது 'ஹோல்' தான், ஏனென்றால் ஒவ்வொரு பருப்பும் உடையாமல் இருக்கிறது. 'கம்ப்ளீட் உளுந்து' என்று யாரும் எழுதுவதில்லை.

'என்டயர்' கிட்டத்தட்ட அதே இடத்தில் வரும், அழுத்தம் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அப்புறம், 'ஹோல் இந்தியா' என்று எழுதாதீர்கள். 'தி ஹோல் ஆஃப் இந்தியா' என்பதே சரி.

எனக்கு ஆதங்கம் அந்த அகராதியின் மேல்தான். முடிதல், நிறைதல், முழுமை என்று தமிழில் தனித்தனியாகச் சொல் இருக்கும்போது எல்லாவற்றையும் 'முடி' என்ற ஒன்றில் அடைத்தால் படிக்கிற பிள்ளை என்ன செய்யும்? உங்கள் பிரதியில் 'கம்ப்ளீட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பென்சிலால் 'நிறை' என்று எழுதி வையுங்கள்.