ரிவெட்டா, ஸ்க்ரூவா?

கேள்வி: மொட்டை மாடியில் கலர் ஷீட் கூரை போடுகிறோம். முகட்டு மூடி, ஓரப் பட்டி எல்லாவற்றையும் ரிவெட் அடித்தே முடித்துவிடலாம் என்கிறார் ஷெட் போடுபவர். ஹார்டுவேர் கடைக்காரரோ எல்லாமே ஸ்க்ரூதான் போட வேண்டும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு வாசகி, காட்பாடி

பதில்: இருவர் சொல்வதும் பாதி சரி. பட்டி எதன் மேல் உட்காருகிறது என்று பாருங்கள். அடியில் இரும்புக் குழாய் இருந்தால் ஸ்க்ரூ. தகரமும் தகரமும் மட்டும் சேரும் ஒட்டில் ரிவெட். அரை மில்லிமீட்டர் தகரத்தில் ஸ்க்ரூவின் மரை கவ்வ இடமேது? கொஞ்சம் கூடுதலாக முடுக்கினால் துளை பெரிதாகிச் சும்மா சுற்றும். தகரத்தோடு தகரம் தைக்கவென்றே தனி ஸ்க்ரூ உண்டு, கிடைத்தால் வாங்கலாம்.

குழாயில் ஏன் ரிவெட் கூடாது? நம்ம ஊர் வெயில்தான் காரணம். 6 மீட்டர் பட்டி 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் நீளும். நிழலில் இருக்கும் குழாய் அவ்வளவு நீளாது. சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு ஓரப் பட்டியைக் குழாயோடு சேர்த்து அலுமினிய ரிவெட் அடித்துவிட்டுப் போனார் ஒருவர். இரண்டு கோடை போனதும் ஏறிப் பார்த்தேன். துளைகள் முட்டை வடிவில் இழுத்திருந்தன. ரிவெட் தலை விரலால் திருப்பினாலே சுற்றியது. அவருக்கென்ன, ரிவெட் மலிவு, வேலையும் சீக்கிரம் முடியும்.

ரிவெட்டிலும் ஒரு குறை உண்டு. அடிக்கும்போது ரிவெட்டின் நடுவே இருக்கும் ஆணி இழுபட்டு ஒடிந்த இடத்தில் சின்னத் துளை நிற்கும். ஐப்பசி மழைக்கு அது போதும். அதனால் ஒட்டுக்கு நடுவே சிலிகான் வைத்து, அப்புறம் அடித்து, தலையிலும் ஒரு பொட்டு வைக்கச் சொல்லுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் வேண்டாம், துத்தநாகப் பூச்சை அரித்துவிடும். டியூபில் ‘நியூட்ரல்’ என்று போட்டிருக்க வேண்டும். 4 மில்லிமீட்டர் ரிவெட்டுக்குத் துளை 4.1 போதும், 5 போட்டால் ஆடும்.

ஸ்க்ரூ வாங்கும்போது வாஷரின் கறுப்பு ரப்பரை நகத்தால் அழுத்துங்கள். பிளாஸ்டிக் மாதிரி விறைப்பாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். முடுக்கும்போது ரப்பர் விளிம்பில் லேசாகப் பிதுங்கினால் சரி, நசுங்கி வெளியே வந்தால் ஒழுகும். பின்னால் சோலார் வைக்கும் எண்ணமிருந்தால், கழற்ற வேண்டிவரும் பட்டியில் ரிவெட்டைத் தவிர்த்துவிடுங்கள்; ஸ்க்ரூவைக் கழற்றலாம், ரிவெட்டை டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கூலி கொடுக்கும் முன் கூரையைப் பெருக்கச் சொல்லுங்கள். டிரில் போட்ட இரும்புத் தூள் கிடந்தால் ஒரே மழையில் புது ஷீட்டெல்லாம் துருப்பொட்டு.