கோடை நிழலில் நடக்கிறது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இந்தக் கோடையில் எங்கள் நகரத்தின் அன்றாட வாழ்க்கையைப் படமெடுத்து வைக்க வேண்டும் என்று தோன்றியது. பெரிய கேமரா எதுவும் இல்லை, கைபேசிதான். வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் எடுத்தேன். இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் சோர்வாக இருக்கிறது. வெளுத்த வானம், காலியான சாலை, வியர்த்த முகங்கள். வெயில் தெரிகிறது, கோடை தெரியவில்லை. எந்த ஊரிலும் எந்த வருடத்திலும் எடுத்திருக்கக்கூடிய படங்கள். நடுப்பகலில் எடுக்கவே கூடாது, காலையிலும் மாலையிலும் மட்டும் எடு என்கிறார்கள் நண்பர்கள். ஆனால் கோடை என்றாலே நடுப்பகல்தானே? இன்னொன்று, களைத்துப்போய் உட்கார்ந்திருப்பவர்களை எடுக்கும்போது கை கூசுகிறது. எடுக்கலாமா? கடைசியாக, இவ்வளவு சாதாரணமான படங்களை யார் பார்க்கப்போகிறார்கள்? சில படங்களை இணைத்திருக்கிறேன்.

எம்.

அன்புள்ள எம்.,

‘வெயில் தெரிகிறது, கோடை தெரியவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, பாதிப் பதில் அந்த வரியிலேயே இருக்கிறது. வெயில் மேலிருந்து வருவது. அதைச் சமாளிக்க ஒரு நகரம் செய்துகொள்ளும் ஏற்பாடுகள்தான் கோடை வாழ்க்கை. எந்தப் பக்கமாக நடப்பது, எந்த நேரத்தில் கடைக்குப் போவது, வண்டியை எங்கே நிறுத்துவது, யாரை நிழலில் நிற்க விட்டு யார் ஒதுங்கிக்கொள்வது, எல்லாமே அதில் அடக்கம். இவை நடப்பது பெரும்பாலும் நிழலில். நீங்கள் வெயிலில் நின்றுகொண்டு வெயிலையே எடுத்திருக்கிறீர்கள். நிழல் எங்கே விழுகிறதோ அங்கே போய் நில்லுங்கள். என் பதில் அவ்வளவுதான். மீதியெல்லாம் அதற்கான விளக்கம்.

நீங்கள் அனுப்பியவற்றில் ஒரு படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. ஒரு பேருந்து நிறுத்தம். கூரை இருக்கிறது, ஆனால் வெயில் சாலைப் பக்கத்திலிருந்து சாய்ந்து வருவதால் கூரையின் நிழல் இருக்கைகளைத் தாண்டிப் பின்னால் நடைபாதையில் விழுந்திருக்கிறது. தகர இருக்கைகள் மொத்தமும் காலி. ஆட்கள் எல்லாரும் நிறுத்தத்துக்குப் பின்னால், அந்த நிழல் பட்டைக்குள் வரிசையாக நிற்கிறார்கள். ஓரத்தில் ஒருவர் விளக்குக் கம்பத்தின் நிழலைப் பிடித்திருக்கிறார். கம்பத்தின் அகலத்துக்குள் அடங்க வேண்டும் என்று பக்கவாட்டில் திரும்பி, பையை நெஞ்சோடு அணைத்து நிற்கிறார். ஒரு பெண் மட்டும் ஒரு காலை வெயிலில் வைத்து, நெற்றிமேல் கையை வைத்துக்கொண்டு பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்க்கிறார். அவருடைய இன்னொரு கால் நிழலைவிட்டு வரவில்லை. யாருடைய முகத்திலும் வியர்வை தெரியவில்லை. வானம் படத்தில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆனாலும் எவ்வளவு சூடு என்பது பார்த்த நொடியில் தெரிந்துவிடுகிறது. நீங்கள் தேடிய கோடை இதில் முழுசாக இருக்கிறது.

இந்தப் படத்தை நீங்கள் ஒதுக்கிவிட்டதற்குக் காரணம் என்னவாக இருக்கும் என்று யோசித்தேன். இதில் ‘அழகான’ ஒன்றும் இல்லை, நடுவில் ஒரு முக்கியமான ஆள் இல்லை, அதனால்தான் என்று நினைக்கிறேன். அன்றாட வாழ்க்கையை எடுக்கக் கிளம்புகிறவர்கள் பலரும் இங்கேதான் தயங்குகிறார்கள். ஒருவரை நெருங்கி, முகத்தை மட்டும் எடுத்து, பின்னணியை மங்கலாக்கினால் படம் தேர்ந்த கையால் எடுத்தது போலத் தோன்றும். ஆனால் அந்த மங்கலில் போய்விடுவது அந்த ஆள் நிற்கும் தெரு, அவர் பிடித்திருக்கும் நிழல், பக்கத்தில் நிற்பவர், அதாவது நீங்கள் எடுக்கக் கிளம்பிய எல்லாமே. இரண்டடி பின்னால் போங்கள். படத்தில் ஆளோடு அவர் நிற்கும் இடமும் இருக்கட்டும்.

நடுப்பகல் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். முகத்தை எடுக்கிறவர்களுக்கு நண்பர்கள் சொல்வது சரியான யோசனை. உச்சி வெயிலில் புருவத்தின் நிழல் கண்ணில் விழும், மூக்கின் நிழல் உதட்டில் விழும். ஆனால் உங்கள் விஷயம் முகம் இல்லையே. சூரியன் 45 டிகிரி உயரத்தில் இருக்கும்போது எந்தப் பொருளின் நிழலும் அதன் உயரத்துக்குச் சமமாக இருக்கும். அதுவே 75 டிகிரிக்கு ஏறிவிட்டால் ஒன்றே முக்கால் மீட்டர் உயரமுள்ளவரின் நிழல் அரை மீட்டருக்கும் குறைவு. காலையில் தெரு முழுக்கக் கிடந்த நிழல் மதியத்தில் சுவரோரமாகக் கையகலத்துக்குச் சுருங்கிவிடுகிறது. ஆட்கள் அந்தக் கையகலத்தைத்தான் பங்கிட்டுக்கொள்கிறார்கள். நிறுத்தியிருக்கும் காருக்கடியில் நாய் போய்ப் படுக்கிறது, நடைபாதையில் எதிரெதிரே வரும் இருவரில் யார் வெயிலில் இறங்குவது என்று ஒரு கணம் தயங்குகிறார்கள். மாலையின் தங்க வெளிச்சத்தில் இந்தத் தயக்கம் கிடைக்காது. அப்போது எல்லாருக்கும் போதுமான நிழல் இருக்கும்.

ஆனால் நடுப்பகலில் கைபேசி உங்களை ஏமாற்றும். பிலிம் காலத்தில் பிலிம் பெட்டியோடு வெளிச்ச அட்டவணை ஒன்று அச்சிட்டுக் கொடுப்பார்கள். நல்ல வெயிலுக்கு லென்ஸின் துளை அளவு 16, மேலே வானம் திறந்திருக்கும் நிழலுக்கு 5.6 என்று அதில் இருக்கும். எண் குறைந்தால் துளை பெரிதாகும், ஒவ்வொரு படிக்கும் உள்ளே வரும் வெளிச்சம் இரட்டிக்கும். மூன்று படி வித்தியாசம். அதாவது நிழலில் இருக்கும் வெளிச்சம் வெயிலில் இருப்பதில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. நம் கண் சட்டென்று பழகிக்கொள்வதால் இது நமக்கு உறைப்பதில்லை. இன்றைய கைபேசிகள் ஒரே நொடியில் பல படங்களை எடுத்து, வெளிச்சப் பகுதியை ஒன்றிலிருந்தும் நிழலை இன்னொன்றிலிருந்தும் சேர்த்து ஒட்டுகின்றன. இரண்டும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது அதன் கணக்கு. விளைவு, நிழல் நரைத்து வெளிறிவிடுகிறது, வெயிலுக்கும் நிழலுக்கும் நடுவில் இருக்கும் கோடு மழுங்கிவிடுகிறது. உங்கள் படங்களில் பாதி தட்டையாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். திரையில் வெயில் விழும் சுவரையோ தரையையோ தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுத்துவிடுங்கள். நிழல் கருமையாகவே இருக்கட்டும். அதில் நிற்பவர்களின் முகம் முழுதாகத் தெரியாமல் போகலாம். பரவாயில்லை, அவர்கள் நிற்கும் விதம் தெரிந்தால் போதும்.

இன்னொரு சின்ன விஷயம். ஐபோன் மாதிரியான கைபேசிகளுக்குச் சொல்லப்படும் வெளிவெப்ப எல்லை 35 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் போனால் திரை தானாக மங்கலாம், சூடு தணியும்வரை சில வேலைகளைச் செய்ய மறுக்கலாம். வெயிலில் கையிலேயே பிடித்துக்கொண்டு அலையாமல் பைக்குள் வைத்து, எடுக்கும்போது மட்டும் வெளியே எடுங்கள். ஏசி அறையிலிருந்து புழுக்கத்துக்கு வந்தவுடன் லென்ஸில் ஆவி படியும். துடைத்துக்கொண்டே இருக்காமல் கொஞ்ச நேரம் விட்டால் தானே போய்விடும்.

அப்புறம், அலைவது பற்றி. நிறைய நடந்தால் நிறையக் கிடைக்கும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, அதுவும் கோடையில். புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான லூயி தாகேர் 1838 வாக்கில் பாரிஸில் ஒரு மாடி ஜன்னலிலிருந்து தெருவை எடுத்த படம் இருக்கிறது. மனிதர்கள் பதிவான மிகப் பழைய புகைப்படங்களில் ஒன்று என்று அதைச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் ஒரு படம் பதிவாகச் சில நிமிடங்கள் ஆகும். அதனால் தெருவில் போன வண்டிகளும் ஆட்களும் பதியவே இல்லை. தெருமுனையில் காலணிக்குப் பாலிஷ் போடச் சொல்லி நின்றிருந்த ஒருவரின் உருவம் மட்டும் நின்றது, பாலிஷ் போடுகிறவரின் உருவம் மங்கலாகப் பக்கத்தில். இப்போது நம் கருவி நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் பதிவு செய்துவிடும். எதிரே இருப்பவர் அசையலாம், ஓடலாம். நிற்க வேண்டியது நாம்தான். ஒரு தெருமுனையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு ஒரு மணிநேரம் நின்று பாருங்கள், நீங்களும் நிழலில்தான். நிழல் நகரும், ஆட்கள் அதோடு சேர்ந்து நகர்வார்கள். கடைக்காரர் நாற்காலியைத் தள்ளித் தள்ளிப் போடுவார். கொஞ்ச நேரத்தில் நீங்கள் நிற்பதே யாருக்கும் பெரிதாகத் தெரியாது. மறுவாரம் அதே இடத்துக்குப் போங்கள். நகரம் முழுவதையும் சுற்றி எடுத்த நூறு படங்களைவிட ஒரே முனையின் பத்துப் படங்கள் ஒரு கோடையை நன்றாகச் சொல்லும்.

நியூயார்க்கின் புகைப்படக்காரர் ஹெலன் லெவிட் (1913–2009) இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர். 1930களின் கடைசியிலும் 40களிலும் சாதாரண மக்கள் குடியிருந்த தெருக்களில் சுற்றி, வாசற்படிகளில் உட்கார்ந்து பேசுகிறவர்களையும் விளையாடும் பிள்ளைகளையும் எடுத்தார். வீடுகளில் ஏசி வராத காலம் அது. வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமல் எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள், வீட்டு வாழ்க்கை வாசலில் நடக்கும். பின்னாளில் டிவியும் ஏசியும் வந்தபிறகு அந்தத் தெருக்கள் அப்படி இல்லை. எடுத்த சமயத்தில் அவை சாதாரணப் படங்கள்தான், தினமும் நடக்கிற விஷயம். உங்கள் நகரத்திலும் இந்தக் கோடையில் இப்படி ஏதாவது ஒன்று கடைசித் தடவையாக நடந்துகொண்டிருக்கலாம். எது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது, அதனால்தான் பொறுக்கி எடுக்காமல் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும் என்கிறேன்.

கை கூசுவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கூச்சத்தை விட்டுவிடாதீர்கள். பொது இடத்தில் படமெடுக்கலாமா என்பதற்குச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் சட்டம் அனுமதிக்கிறது என்பதாலேயே தூங்குகிறவரின் முகத்தை எடுத்து ஊருக்குக் காட்டலாம் என்று ஆகாது. தூங்குகிறவரால் மறுக்க முடியாது. வெயிலில் வேலை செய்தே ஆகவேண்டிய ஒருவர் இரண்டு நிமிடம் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார், அந்த இரண்டு நிமிடத்தையும் நாம் பிடுங்கிக்கொள்ளக் கூடாது. அவர் களைப்பை எடுப்பதற்குப் பதிலாக அவருடைய ஏற்பாட்டை எடுங்கள். வேலை நடக்கும் இடத்தில் இரண்டு கம்புக்கு நடுவே கட்டிய துணி, மண்வெட்டிக் காம்பில் மாட்டிய சட்டை, ஈரத்துணி சுற்றி நிழலில் வைத்த தண்ணீர் பாட்டில். ஈரம் காயும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும், தண்ணீர் கொஞ்சமாவது குளிர்ந்திருக்கும். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்ததில்லை. வெயிலில் தவிக்கும் பரிதாபமான ஆளாக அவரைக் காட்டாமல், அதைச் சமாளிக்கத் தெரிந்தவராகக் காட்டுகிற படம் அது. ஆளையே எடுக்க வேண்டும் என்று தோன்றினால் போய்க் கேளுங்கள். கேட்டால் இயல்பு போய்விடும் என்பார்கள். முதல் நிமிடம் விறைப்பாகத்தான் இருப்பார்கள், பேசிக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். குழந்தைகள் என்றால் கூட இருக்கும் பெரியவர்களிடம் கேட்காமல் எடுக்கவே எடுக்காதீர்கள்.

யார் பார்க்கப்போகிறார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். யூஜின் அட்ஜே என்பவர் பாரிஸின் கடைவாசல்களையும் மாடிப்படிகளையும் தெருவோர வியாபாரிகளையும் பல பத்து வருடங்களாக எடுத்துக்கொண்டே இருந்தார். ஓவியர்களுக்கு மாதிரியாகப் பயன்படும் என்று அவற்றை விற்றுப் பிழைத்தார். 1927ல் அவர் இறந்தபோது வீட்டில் மிஞ்சியிருந்தவற்றை பெரனிஸ் ஆபட் என்ற இளம் புகைப்படக்காரர் வாங்கிக் காப்பாற்றினார். 1968ல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. உங்கள் படங்களும் அருங்காட்சியகத்துக்குப் போகும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இன்று அந்தப் படங்களைப் பார்க்கிறவர்கள் ஜன்னலில் என்ன தொங்குகிறது, பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஓரங்களைத்தான் துருவிப் பார்க்கிறார்கள். ஆகவே ஓரங்களை வெட்டாதீர்கள். குப்பைத் தொட்டி, மின்கம்பி, சுவரொட்டி எல்லாம் இருக்கட்டும். உங்கள் பேருந்து நிறுத்தப் படத்தை இருபது வருடம் கழித்துப் பார்க்கிறவருக்கு அந்தத் தகர இருக்கையும் பேருந்து எண்ணும்கூட ஆச்சரியமாக இருக்கலாம்.

அதற்கு அவர் எதைப் பார்க்கிறார் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். கைபேசி தேதியையும் நேரத்தையும் இடத்தையும் படத்துக்குள்ளேயே குறித்து வைக்கிறது, ஆனால் படத்தை அனுப்பும் செயலிகள் பலவும் அதை அழித்துவிடுகின்றன. வெளியே பகிரும்போது அது அழிந்திருப்பது நல்லதுதான், யாருடைய வீட்டு வாசல் என்பது உலகத்துக்குத் தெரிய வேண்டியதில்லை. உங்களிடம் இருக்கும் மூலப்படத்தில் மட்டும் அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே இரண்டு வரி எழுதி வையுங்கள், எந்தத் தெரு, என்ன நேரம், அன்று மின்சாரம் போயிருந்ததா, பேருந்து வந்ததா என்று. ஒரு பிரதி கைபேசியில், இன்னொன்று வேறு இடத்தில். ஹெலன் லெவிட் வீட்டில் 1970ல் திருடன் புகுந்து அவருடைய வண்ணப்படங்களில் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விட்டான். அவர் மறுபடியும் தெருவுக்குப் போய் வண்ணத்தில் எடுக்க ஆரம்பித்தார், ஆனால் போன படங்கள் போனவைதான். நமக்குப் பிரதி எடுக்கச் செலவில்லை. இந்த வாரமே எடுத்து வைத்துவிடுங்கள்.

ஒதுக்கிவைத்த படங்கள் இன்னும் நிறைய இருக்கும் என்று தோன்றுகிறது. ஒன்றையும் அழிக்காமல் அனுப்புங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்