பலூன் செயல்விளக்கத்தில் வரும் குழப்பம்

வணக்கம் தம்பி. அண்டம் விரிவதை விளக்கப் பினாங்கு தமிழ்ப்பள்ளியில் புள்ளிகள் வைத்த பலூனை ஊதிக் காட்டியபோது, "அண்டத்தின் நடு எங்கே, நாமும் பெருக்கிறோமா?" என்று பிள்ளைகள் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நல்ல கேள்விகள், தவறு பலூனுடையது. அதற்குள் நடு தெரிகிறது, மையால் வைத்த புள்ளியும் சேர்ந்தே பெருக்கிறது.

தையல் கடை எலாஸ்டிக் 40 செ.மீ. வாங்குங்கள், இருமடங்கு இழுபடுவதாக. 5 செ.மீ.க்கு ஒரு சட்டைப் பொத்தான், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரே தையல். இறுக்கித் தைத்தால் அந்த இடம் நீளாது, கணக்குப் பிசகும். ஏதாவது ஒரு பொத்தானை அளவுகோலின் சுழியத்தில் பிடித்து, எலாஸ்டிக் இருமடங்கு ஆகும்வரை இருவர் இருபுறமும் இழுக்கட்டும். அடுத்தது 5 செ.மீ. நகரும், அதற்கடுத்தது 10. பிறகு வேறு பொத்தானைப் பிடித்துச் செய்யுங்கள்: அதே விடை. நடு என்று எதுவும் இல்லை, பொத்தானும் பெருக்கவில்லை. பொத்தான்கள்தான் விண்மீன் மண்டலங்கள்; அவை பெருக்காதபடி ஈர்ப்பு விசை அப்படித்தான் கட்டி வைத்திருக்கிறது.

வானியலாளர் ஹபிள் 1929இல் கண்டது இதே விகிதம்தான்: இருமடங்கு தொலைவில் உள்ள மண்டலம் இருமடங்கு வேகத்தில் விலகுகிறது. 3.26 மில்லியன் ஒளியாண்டுத் தொலைவுக்கு நொடிக்குச் சுமார் 70 கி.மீ. என்ற இன்றைய எண்ணைக் கடைசியில் சொல்லுங்கள், முதலில் வேண்டாம்.