பெயிண்ட் புதுசு, பலகை எப்படி? பழைய பைபர் வள்ளம் வாங்குகிறவருக்கு

"அண்ணாச்சி, வெளிநாட்டில் 7 வருடம் வெல்டர் வேலை பார்த்துவிட்டு கூத்தங்குழிக்கே திரும்பிவிட்டேன். அப்பாவும் நானும் தூண்டிலுக்குப் போக ஒரு பழைய பைபர் வள்ளம் பார்த்து வைத்திருக்கிறோம். 20 அடி, 8 வருடப் பழசு, 9.9 குதிரைசக்தி மண்ணெண்ணெய் மோட்டாரோடு 1,60,000 ரூபாய் சொல்கிறார்கள். போன மாதம்தான் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், பார்க்கப் புதுசு மாதிரி இருக்கிறது. கையில் இருப்பது 2 லட்சம். மீதி 40,000-இல் ஆழமும் மீனும் காட்டும் பிஷ் பைண்டர், லைட் எல்லாம் மாட்டிவிடலாமா?"

என்னை உறுத்துவது அந்தப் பெயிண்ட்தான். விற்கப்போகிற மாதத்தில் வள்ளத்துக்குப் பெயிண்ட் அடிப்பது, மேலப்பாளையம் சந்தைக்கு ஓட்டிப்போகும் மாட்டுக்குக் கொம்பு சீவி வர்ணம் பூசுவது மாதிரி. மாடு நல்ல மாடாகவும் இருக்கலாம். ஆனால் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாரும் கயிற்றை வாங்க மாட்டார்கள். பைபர் வள்ளத்துக்குப் பல் என்பது அமரத்தில், வள்ளத்தின் பின்முனையில் இருக்கும் பின்பலகை, அதாவது மோட்டார் மாட்டுகிற இடம்.

வெளியிலிருந்து பார்த்தால் அது முழுக்க பைபர் போலத் தெரியும். பெரும்பாலான வள்ளங்களில் உள்ளே ஒட்டுப்பலகை வைத்து இரண்டு பக்கமும் பைபர் போர்த்தியிருப்பார்கள். மோட்டாரின் எடை, அது தள்ளுகிற விசை, கரையேறும்போது விழுகிற அடி எல்லாம் அந்தப் பலகையில்தான் இறங்கும். மோட்டார் போல்ட்டுக்கு ஓட்டை, கயிறு கட்டும் கொக்கிக்கு ஓட்டை, தண்ணீர் வடிய ஓட்டை, முன்னே இருந்தவர் எதையோ மாட்டிக் கழற்றிய ஓட்டை என்று வருடத்துக்கு ஒன்று சேரும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் இறங்கி, பலகை உள்ளுக்குள்ளேயே நனைந்த பிஸ்கட் மாதிரி ஆகிவிடும். மேலே பைபர் கெட்டியாக நிற்பதால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

நானே ஏமாந்தவன்தான். மோட்டார் வேலைக்கு வந்த புதிதில், அடுத்த கடற்கரையிலிருந்து ஒரு வள்ளம் வாங்கினேன். மோட்டாரைப் பிரித்துப் பார்த்துப் பார்த்து வாங்கினேன், பலகையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாவது மாதம், கரைக்கு வரும்போது பின்னாலிருந்து ஒரு அலை தூக்கிப் போட்டதில் மோட்டார் பலகையின் மேல் விளிம்போடு பிய்ந்துவிட்டது. மோட்டாரை வள்ளத்தோடு சேர்த்துக் கட்டியிருந்த கயிறுதான் அதைக் காப்பாற்றியது. நீங்கள் எந்த வள்ளம் வாங்கினாலும் முதல் நாளே அந்தக் கயிற்றைக் கட்டிவிடுங்கள்.

சரி, எப்படிப் பார்ப்பது? மோட்டார் மாட்டியிருக்கும்போதே அதன் அடிக்காலைப் பிடித்து மேலும் கீழும் பலமாக அசையுங்கள். அப்பாவை உள்ளே குனிந்து பலகையும் பக்கச் சுவரும் சேரும் மூலையைப் பார்க்கச் சொல்லுங்கள். பலகை வளைந்தாலோ, மூலையில் முடி போன்ற விரிசல் வாய் திறந்து மூடினாலோ உள்ளே கெட்டிருக்கிறது. அடுத்து, சுத்தியலின் மரக் கைப்பிடியால் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் 'டக் டக்' என்று கெட்டியாகப் பேசும், ஊறிய இடம் 'தொப் தொப்' என்று அமுங்கும். தேங்காய் தட்டி வாங்கத் தெரிந்தவருக்கு இது பெரிய வித்தை இல்லை.

இதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால், விற்கிறவரிடம் கேட்டு, உள்பக்கமாக, பலகையின் அடியில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள். வரும் தூள் வெளிறி, உலர்ந்து இருந்தால் நிம்மதி. கறுத்து ஈரமாக, புளித்த வாடையோடு வந்தால் பலகை போய்விட்டது. பார்த்ததும் துளையை எபாக்ஸி வைத்து அடைத்துக் கொடுத்துவிடுங்கள், அது மரியாதை.

பலகை கெட்டிருந்தால் வள்ளத்தையே ஒதுக்க வேண்டும் என்றில்லை, விலையை இறக்க வேண்டும். உள்பக்கத் தோலை வெட்டி, ஊறியதை எல்லாம் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டுப் புதுப் பலகை வைக்கலாம். கடையில் 'வாட்டர் ப்ரூப்' என்று சொன்னதும் வாங்கிவிடாதீர்கள். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டாகக் கேட்டு வாங்குங்கள். 18 மில்லிமீட்டரில் இரண்டு பலகையை ஒட்டினால் இந்த மோட்டாருக்குப் போதும். வெட்டிய ஓரங்களும் ஓட்டைகளின் உள்சுவரும் ரெசின் குடித்திருக்க வேண்டும். அங்கேதான் எல்லோரும் சோம்பல் படுகிறார்கள்.

நீங்கள் வெல்டர், கை வேலை தெரிந்தவர், அதனால் நீங்களே செய்யத் துணிவீர்கள். ஒரு எச்சரிக்கை: பாலியஸ்டர் ரெசினுக்குச் சேர்க்கும் கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடு ஒன்று கலக்கக் கூடாது, வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் கலக்கிவிட்டு, அப்புறம்தான் ஹார்ட்னர். அதுவும் 1 கிலோவுக்கு 10 முதல் 20 மில்லிக்குள். நம் ஊர் வெயிலில் குறைந்த அளவே போதும், காலையிலேயே வேலையை முடித்துவிடுங்கள். பைபரைத் தேய்க்கும்போது முகமூடி இல்லாமல் உட்காராதீர்கள்.

பலகைக்கு அடுத்தது அடிப்பாகம். துறைமுகத்தில் கட்டி நிறுத்துகிற வள்ளத்துக்கும் நம் கடற்கரையில் மணலில் இழுத்து ஏற்றுகிற வள்ளத்துக்கும் வயது ஒன்றாக இருந்தாலும் தேய்மானம் ஒன்றல்ல. ஒருபக்கமாகச் சாய்த்து நடு எரா முழுவதையும், அதாவது அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பை, கையால் தடவுங்கள். நார் நாராகக் கையில் குத்தினால் மேல்பூச்சு தேய்ந்து கண்ணாடி நாரே மணலில் உரசுகிறது. அங்கே இரண்டு மூன்று அடுக்கு மேட்டு, அதாவது கண்ணாடி நார் விரிப்பு, போட்டால் சரியாகும், பெரிய செலவு இல்லை. நட்சத்திரம் போலச் சின்னதாகப் பரவிய கீறல் எங்கோ இடித்த தழும்பு, பயப்பட வேண்டாம். நீளவாக்கில் ஓடும் விரிசலுக்குத்தான் பயப்பட வேண்டும்.

எடையும் ஒரு கதை சொல்லும். மிதப்புக்காக அடைத்த போம் தண்ணீர் குடித்துவிட்டால் வள்ளம் கனத்துப்போகும். எண்ணெய்ச் செலவு ஏறும், கவிழ்ந்தால் மிதக்கவும் செய்யாது. இதை விற்கிறவரிடம் கேட்டுப் பிரயோசனமில்லை. அந்தக் கரையில் வள்ளங்களை இழுத்து ஏற்றும் டிராக்டர்காரரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். எந்த வள்ளம் வருடா வருடம் கனக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது.

மோட்டார் என் தொழில், ஆனாலும் அதைப் பற்றி உங்களுக்குக் குறைவாகத்தான் சொல்லப்போகிறேன். மோட்டாரை மாற்றலாம், சாமான் கிடைக்கும். நல்ல வள்ளத்தில் சுமார் மோட்டார் இருந்தால் வாங்குங்கள். சுமார் வள்ளத்தில் நல்ல மோட்டார் இருந்தால் மோட்டாரை மட்டும் கேளுங்கள். போனதும் முதலில் மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே இழுத்து ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். மண்ணெண்ணெய் மோட்டாரையும் முதலில் பெட்ரோலில்தான் பிடிக்க வைப்பார்கள்; குளிர்ந்த மோட்டார் எத்தனை இழுப்பில் பிடிக்கிறது என்பதே உண்மையான சோதனை. பிடித்ததும் பின்னால் ஊசி போலத் தண்ணீர் பீச்ச வேண்டும். நூலாக ஒழுகினால் தண்ணீர் இழுக்கும் இம்பெல்லர் சக்கரமோ உப்பு அடைப்போ. அழுத்தம் அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்து இரண்டு சிலிண்டரையும் பாருங்கள், இரண்டுக்கும் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அடியில் கியர் ஆயில் திருகைத் தளர்த்தி நாலு சொட்டு விடுங்கள். பால் ஊற்றிய காபி நிறத்தில் வந்தால் சீல் போய்க் கடல் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது.

மோட்டார் காலின் நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். 15 அங்குலக் கால், 20 அங்குலக் கால் என்று இரண்டும் புழக்கத்தில் உண்டு. விசிறிக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு வள்ளத்தின் அடியோடு சமமாகவோ ஒரு அங்குலம் கீழாகவோ நிற்க வேண்டும். மேலே நின்றால் விசிறி காற்றைக் கடையும், ரொம்பக் கீழே போனால் வள்ளம் சுமை இழுக்கும். எந்தக் கம்பெனி மோட்டார் நல்லது என்று எல்லோரும் கேட்கிறார்கள். உங்கள் கரையில் இருக்கும் மெக்கானிக் எதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பாரோ அதுதான் நல்லது.

காகிதத்துக்கு வருவோம். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983-இன் கீழ் வள்ளம் பதிவாகியிருக்க வேண்டும். வள்ளத்தில் எழுதிய எண்ணும் பதிவுப் புத்தகத்தில் உள்ள எண்ணும், மோட்டாரின் எண்ணும் ரசீதில் உள்ள எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். மோட்டார் மானியத்தில் வாங்கியது என்றால், விற்க நிபந்தனை ஏதும் உண்டா என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றுவதும் அங்கேதான்.

இதைவிடப் பெரிய சிக்கல் எந்தக் காகிதத்திலும் இருக்காது. வள்ளக்காரர் மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார், அதற்கு ஈடாக மீனை அவருக்கே போடுவதாகப் பேச்சு இருக்கும். வள்ளம் கை மாறினாலும் பேச்சு மாறவில்லை என்று வியாபாரி உங்கள் முன்னால் வந்து நிற்பார். ஏலக் கரையில் விசாரித்து, கடன் முடிந்ததை ஊரில் நாலு பேர் முன்னிலையில் சொல்ல வைத்துவிட்டே அட்வான்ஸ் கொடுங்கள்.

இப்போது உங்கள் 2 லட்சம். 1,60,000 கொடுத்தால் வாங்கிய முதல் மாதமே கடன் வாங்குவீர்கள். வள்ளமும் மோட்டாரும் சேர்த்து 1,30,000-ஐத் தாண்ட வேண்டாம். 30,000 பலகைக்கும் அடிக்கும் மோட்டார் சர்வீஸுக்கும். 20,000 சாமான்களுக்கு. மீதி 20,000 தொடவே கூடாது, முதல் பழுது அதைத் தேடி வரும். அவர் இறங்காவிட்டால் கொஞ்சம் பொறுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மட்டும் தடை, மீன் விலை ஏறுவதால் அதற்கு முன் வள்ளம் வைத்திருப்பவர் கெத்தாகப் பேசுவார். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்துப் பல நாள் கடலுக்குப் போகாமல் வள்ளம் மணலில் கிடக்கும்போது பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

சாமான்களில் முதல் செலவு உயிருக்கு. ஆளுக்கு ஒரு லைப் ஜாக்கெட், இரண்டு துடுப்பு, தண்ணீர் இறைக்கும் வாளி, டார்ச், உறையில் போட்ட போன், மோட்டாருக்கு மாற்று பிளக்கும் விசிறிப் பின்னும். கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 இரண்டையும் அணியத்தில், அதாவது முன்முனையில், உள்பக்கம் பெயிண்டால் எழுதுங்கள். பதற்றத்தில் போனில் தேட வராது. நங்கூரக் கயிறு ஆழத்தைப் போல் மூன்று மடங்காவது வேண்டும், காற்று நாளில் ஐந்து மடங்கு. பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், தூண்டில் போடும்போது நங்கூரம் பாறையில் மாட்டி, கயிற்றை அறுத்துவிட்டு வந்த கதை உங்கள் அப்பாவுக்கே தெரிந்திருக்கும். கயிற்றை நங்கூரத்தின் அடியில் கட்டி, மேல் வளையத்தில் மெல்லிய சணலால் மட்டும் ஒரு கட்டு போடுங்கள். மாட்டிக்கொண்டால் இழுக்கிற இழுப்பில் சணல் அறும், நங்கூரம் தலைகீழாகக் கழன்று வரும்.

பிஷ் பைண்டர் ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் அப்பா கோபுரத்தையும் மலையையும் நேர்பிடித்துப் பார் தேடுகிறவர் என்றால், உங்களுக்கு முதலில் உதவுவது அந்த இடங்களைக் குறித்து வைக்கும் ஜி.பி.எஸ்.தான். அவர் கண்ணில் இருப்பதை ஒவ்வொன்றாக அதில் ஏற்றுங்கள். ஆழம் காட்டும் சின்னத் திரையும் சேர்ந்தே வரும் கருவி பழசாகக் கிடைத்தால் போதும். முன்னே வைத்திருந்தவர் குறித்த இடங்களை அழிக்காமல் கொடுத்தால் நீங்கள் அதிர்ஷ்டக்காரர். நான் அப்படி ஒருவரைப் பார்த்ததில்லை.

மாட்டும்போது பலகையில் ஓட்டை போட்டீர்களோ, நான் இவ்வளவு நேரம் சொன்னது வீண். சத்தம் அனுப்பும் அந்த உணரியை ஒரு நைலான் துண்டில் திருகி, நைலான் துண்டைப் பலகையில் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் வள்ளத்தின் உள்ளே, போமும் பலகையும் இல்லாத வெறும் பைபர் இருக்கும் இடத்தில் காற்றுக் குமிழ் இல்லாமல் எபாக்ஸியில் பதித்துவிடலாம். கொஞ்சம் துல்லியம் குறையும், தூண்டிலுக்குத் தாராளம். கருவி அரை ஆம்பியர் இழுப்பதாக இருந்தால் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒருநாள் பாட்டுக்குப் போதும், இரவு வீட்டில் சார்ஜ் போடுங்கள். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்கட்டும். வீட்டு ஒயர் வேண்டாம், சீக்கிரமே பச்சை பூத்துப்போகும். ஈயம் பூசிய செம்பு ஒயர் கேளுங்கள்.

பார்க்க எப்போது போவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். கடலுக்குப் போகாமல் வள்ளம் காய்ந்து கிடக்கும், ஒழுகுவது தெரியாது. ஒரே வேலை நாளில் இரண்டு தடவை போங்கள். விடியும் முன்னே, அவர்கள் வள்ளம் தள்ளும் நேரத்தில் போனால் குளிர்ந்த மோட்டார் எத்தனை இழுப்பில் பிடிக்கிறது என்று தெரியும். முடிந்தால் நீங்களும் ஏறி, ஆளும் ஐஸும் ஏற்றிய வள்ளம் முழு வேகத்தில் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். மதியம் கரையேறியதும் அடியில் தேங்கிய தண்ணீரை ஒரு விரலில் தொட்டு நாக்கில் வையுங்கள். உப்பில்லாவிட்டால் அது ஐஸ் உருகிய தண்ணீர். உப்புக் கரித்தால் ஒழுகியதாகவும் இருக்கலாம், அலை தெறித்ததாகவும் இருக்கலாம். அதனால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு அரைமணி நேரம் அலை படும் விளிம்பில் வள்ளத்தை மிதக்க விடச் சொல்லுங்கள். அப்புறம் எந்த இடத்தில் ஈரம் கசிகிறதோ அந்த இடத்தைச் சாக்கட்டியால் வட்டமிட்டுவிட்டு விலை பேச உட்காருங்கள்.