சென்னையின் கடலோரக் காசிமேட்டில் மதியமே கடற்காற்று வீசுகிறது. கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் மாதவரத்திற்கு ஏன் தாமதமாக வருகிறது?

கடற்காற்று கரையில்தான் பிறக்கிறது. வெயில் ஏற ஏற நிலம் வேகமாகச் சூடாகும்; கடல் அப்படியல்ல. நீரைச் சூடாக்கக் கூடுதல் வெப்பம் தேவை, அலைகளும் அதை ஆழத்திற்குக் கலந்துவிடும். நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி விரிந்து எழும்ப, அங்கே அழுத்தம் சற்றுக் குறையும். குளிர்ந்த கடற்காற்று உள்ளே புகும். அதன் முனை காசிமேடு, ராயபுரத்தைத் தாண்டி, பெரம்பூர் வழியாகப் படிப்படியாகவே மாதவரத்தை எட்டும். வழியில் அதுவும் சூடேறிவிடுவதால் அங்கே குளுமையும் குறைவு.

மே, ஜூனில் தொல்லை வேறு. மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று கடற்காற்றை எதிர்த்துத் தள்ளும். மேற்குக் காற்று வலுத்த நாளில் கடற்காற்று பிற்பகல் வரை இழுத்தடிக்கும், சில நாள் வரவே வராது. வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது பெரும்பாலும் அப்போதுதான். அக்கினி நட்சத்திரத்தை மட்டும் திட்டுவது நியாயமில்லை! கடற்காற்றும் மேற்குக் காற்றும் மோதும் இடத்தில் ஈரக்காற்று மேலெழுந்து, மாலையில் இடிமழை கொட்டுவதும் உண்டு.

இரவில் நிலம் விரைவாகக் குளிர்வதால் காற்று கடலை நோக்கித் திரும்பும். பாய்மரக் காலத்தில் மீனவர்கள் விடியுமுன் அதைப் பிடித்தே கடலுக்குப் போனார்கள்.